நெருப்பு மீனும் ஒரு பிழைதிருத்தமும்

கடந்த மாதம் கடைவாய்ப் பல் ஒன்று கொடுத்த தொல்லை தாங்காமல் கண்டி நகரிலுள்ள ஒரு பல் வைத்தியரிடம் செல்ல நேர்ந்தது. காத்திருக்கும் அறையில், பழைய சஞ்சிகைகள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் பெரியதொரு கண்ணாடித் தொட்டி இருந்தது. இத்தகைய இடங்களில் வழக்கமாகப் பொன் மீன்களையே காண்போம். இது உப்புநீர்த் தொட்டி. உள்ளே ஒரேயொரு மீன். செங்கபிலமும் வெள்ளையுமாக மாறிமாறி வரிகள், இருபுறமும் விசிறியை விரித்தது போன்ற செட்டைகள், முதுகில் வரிசையாக நீண்ட முட்கள். அது நீந்தியது என்பதைவிட நீரில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே பொருந்தும்.

ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணாடியை விரலால் தட்டினாள். மீன் ஓடி ஒளியவில்லை. மெதுவாகத் திரும்பித் தன் முதுகை அவள் பக்கம் சாய்த்தது. "எவ்வளவு வடிவு" என்று தாய் சிங்களத்தில் வியந்தார். பதிவேட்டோடு அமர்ந்திருந்த உதவியாளர் தலையை நிமிர்த்தாமலே, "கை வைக்கவேண்டாம் நோனா, அது கினி மகா" என்றார்.

முதுகைக் காட்டுவது அந்த மீனுக்குப் பணிவு அன்று, எச்சரிக்கை. அதைச் சிறுமியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பெயரை அழைத்துவிட்டார்கள். ஆனால் வீடு திரும்பியபின்னும் அந்த மீன் என் நினைவை விட்டு அகலவில்லை. அதன் இனத்தாருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பல ஆண்டுகளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுவந்த அந்தக் கணக்கை இன்று எழுதிவிடுகிறேன்.

கண்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது மற்றவர்கள் சொல்லக் கேட்ட ஒரு செய்தி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ, நடுவே ஒரு வாவியும் ஓரத்தில் மகாவலியுமாக எங்கள் ஊர் அமைந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த கடல், விடியுமுன் பனிக்கட்டி உருகி ஒழுக ஒழுக லொறிகளில் வந்து சந்தையில் இறங்கும் கடல்தான். நான் முதன்முதலில் உண்மையான கடலைக் கண்டபோது எனக்கு ஒன்பது வயது. அலையைக் கண்டு அழுதேன் என்று அம்மா இறக்கும்வரை சொல்லிச் சிரிப்பார். மீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் அச்சில் வாசித்தவையே. அச்சில் வாசித்ததை மீண்டும் அச்சில் ஏற்றுவதுதானே எங்கள் தொழிலில் பாதி.

1998ஆம் ஆண்டு. பேராதனையில் கலைப்பட்டம் பெற்று வெளியேறிய நான், கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. சனிக்கிழமை மாலையில் பக்கங்களை முடித்து அனுப்பவேண்டும். விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் நின்றுபோனால் அந்த இடத்தை எதையாவது எழுதி நிரப்புவது இளையவன் என்ற முறையில் என் வேலை. அன்றைக்கும் அப்படி ஓர் ஓட்டை விழுந்தது. பன்னிரண்டு வரிகள் தேவைப்பட்டன. 'கடற்கரைக்குச் செல்கிறீர்களா?' என்று தலைப்பிட்டுக் கடலில் விஷப் பிராணிகள் தீண்டினால் என்ன செய்யவேண்டும் என எழுதினேன். தீண்டிய இடத்துக்கு மேலே துணியால் இறுகக் கட்டவேண்டும், பனிக்கட்டி வைக்கவேண்டும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இவ்வளவுதான் சாரம்.

இதை எங்கிருந்து எடுத்தேன்? எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. பாம்புக்கடிக்கு இறுகக் கட்டவேண்டும் என்று பள்ளிப் பருவத்தில் கேட்டிருந்தேன். (பாம்புக்கடிக்கும் அப்படிக் கட்டக்கூடாது என்பது வேறு கதை.) வீங்கினால் பனிக்கட்டி வைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து, கடற்பாம்பு, சொறிமுட்டை, முள் மீன் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எழுதினேன். ஆசிரியர் பார்க்கவில்லை. ஒப்புநோக்குபவர் ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமை அது வெளிவந்தது. எவரும் மறுத்து ஒரு கடிதம்கூட எழுதவில்லை. திங்கட்கிழமை நானே அதை மறந்துபோனேன்.

இனி 2016 ஆகஸ்டுக்கு வருகிறேன். பெரஹராக் காலத்தில் கண்டிக்குள் வெளியூர் சனமெல்லாம் வந்து நிறையும், உள்ளூர்வாசிகளில் சிலர் ஊரைவிட்டு ஓடுவார்கள். நாங்கள் ஓடுகிற கட்சி. பாடசாலை விடுமுறையும் சேர்ந்திருந்ததால் என் தம்பி குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரு வேன் பிடித்து, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போனோம். அதற்கு வடக்கே நிலாவெளியில் தங்கல். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் வாவியைப் போல அடங்கிக் கிடக்கும். போர் நடந்த காலத்தில் எங்களால் எண்ணிப் பார்க்கவும் முடியாதிருந்த பயணம் அது.

இரண்டாம் நாள் காலை. தம்பியின் மகனுக்கு அப்போது பதினேழு வயது. கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கற்பாறைகள் தலைகாட்டும் ஒரு மூலையில், முழங்கால் ஆழத் தண்ணீரில், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். திடீரென ஓர் அலறல். நண்டு கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். இழுத்துக் கரையில் கிடத்திப் பார்த்தபோது உள்ளங்காலில் மூன்று சிறு துளைகள். இரத்தம் அதிகமில்லை. ஆனால் அவன் துடித்த துடிப்பு, நான் அதற்கு முன்னும் பின்னும் காணாதது. உதைபந்தாட்டத்தில் கை முறிந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பையன், மணலைக் கைநிறைய அள்ளி வாயில் வைத்துக் கடித்தான். சில நிமிடங்களுக்குள் பாதம் வீங்கி, துளைகளைச் சுற்றித் தோல் நீலம் பாரித்தது.

என் தம்பி ஒரு கணமும் தயங்கவில்லை. தோளிலிருந்த துவாயை முறுக்கிக் கணுக்காலுக்கு மேலே இறுகக் கட்டினான். வேனிலிருந்த ரெஜிபோம் பெட்டியைக் கொண்டுவரச் செய்து, பனிக்கட்டியை அள்ளிக் காயத்தின் மேல் அழுத்தினான். பையனின் அலறல் கூடியது.

"என்னடா செய்கிறாய், நிச்சயமாய்த் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணா கேக்குறீங்க? நீங்கதானே பேப்பரில எழுதினீங்க!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர்தான் அறிந்தேன். என் பெயரோடும் பெயரில்லாமலும் நான் எழுதியவற்றை எல்லாம் என் தம்பி வெட்டி எடுத்து ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தான். அந்தப் பன்னிரண்டு வரிகளும் அதில் இருந்தன. பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்து வருவதென்று தீர்மானித்ததும் முதல்நாள் இரவு எடுத்து ஒருமுறை வாசித்துக்கொண்டும் வந்திருந்தான். மகன் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன் அவன் காலுக்கு நான் எழுதிவைத்த வைத்தியம் அது.

சற்றுத் தொலைவில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் சத்தம் கேட்டு வந்தார். காலைப் பார்த்தார். பனிக்கட்டியைப் பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி, அந்த ஐஸை அங்கால எறியுங்கோ. கட்டை அவிழுங்கோ முதல்ல. சுடுதண்ணி வேணும், சுடுதண்ணி. கல்லு மீனோ வேற முள்ளு மீனோ தெரியாது, எதெண்டாலும் சூடுதான் கேக்கும்."

அவருடைய குடிசையில் தேநீருக்கு வைத்த தண்ணீர் அடுப்பில் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்தார். பிறகு தம்பியின் கையையும் பிடித்து உள்ளே விட்டார். "உங்களுக்குப் பொறுக்குதோ? அப்ப சரி. பொடியன்ட காலுக்கு இப்ப சூடு தெரியாது, அவிஞ்சு போகும், கவனம்" என்றார். பாதத்தை வாளிக்குள் இறக்கினார்கள். பத்து நிமிடமாகியிருக்கும், அலறல் முனகலாகியது. அரை மணியில் பையன் எங்கள் முகங்களை அடையாளம் கண்டு, "பெரியப்பா, தண்ணி" என்று குடிக்கக் கேட்டான். ஆறஆற முதியவரின் மனைவி வெந்நீர் கொண்டுவந்து சேர்த்தபடி இருந்தார். இறங்கிய வலி, காலை வெளியே எடுத்தால் மீண்டும் ஏறியது. ஆகவே வாளியோடு சேர்த்தே அவனை வேனில் ஏற்றித் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த இளம் வைத்தியர் காலைக் கழுவி, முள் உடைந்து தங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஏற்புவலித் தடுப்பூசி போட்டு, ஓர் இரவு வைத்துக் கவனித்தார். சுடுநீரில் வைத்தது மிக நல்லது என்றார். கணுக்காலில் இருந்த துவாயின் தழும்பைக் காட்டி, "இது யார் செய்த வேலை?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் டொக்டர்" என்றான். நானும் வாய் திறக்கவில்லை. முப்பதாண்டுத் தொழில் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட சந்தர்ப்பங்கள் சில உண்டு. இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது.

கால் ஆற ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன. குத்திய மீனை எவரும் காணவில்லை. ஆனால் அதன்பிறகு, எழுதுமுன் செய்திருக்கவேண்டிய வாசிப்பை எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து நான் செய்தேன்.

வாசிக்கத் தொடங்கியதும் பேராதனையில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. மாணவனாக இருந்த காலத்தில், விலங்கியல் படித்த நண்பன் ஒருவனைத் தேடி ஆய்வுகூடத்துக்குப் போனபோது, அவன் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டி, "இது என்ன சொல்லு பார்ப்போம்" என்றான். பாசி படிந்த ஒரு கருங்கல் துண்டு என்றேன். "கல்லுக்கு வாய் இருக்குமா?" என்று அவன் குடுவையைத் திருப்பினான். மேல்நோக்கிப் பிளந்த ஒரு வாயும், அதற்கு மேல் இரண்டு சிறு கண்களும் தெரிந்தன. அதுதான் கல் மீன். ஃபோர்மலினில் கிடந்தும் அது தன் வேடத்தை விடவில்லை. அன்றைக்கு நான் கொஞ்சம் கூடுதலாக வினவியிருந்தால் 1998இல் அந்தப் பன்னிரண்டு வரிகள் வேறு விதமாக அமைந்திருக்கும். நானோ கலைப்பீடத்துக்காரன், மீனில் எனக்கென்ன என்று சிரித்துவிட்டு வந்தேன்.

தேள்மீன்கள் என்று சொல்லப்படும் பெருங்கூட்டத்தில் கல் மீனும் அடங்கும், பல் வைத்தியரின் தொட்டியில் தொங்கிய நெருப்பு மீனும் அடங்கும். ஒன்று அழகின் உச்சம், மற்றது அழகின்மையின் உச்சம் எனலாம். இரண்டுக்கும் பொதுவானது முதுகு முள். கல் மீனுக்கு முதுகில் பெரும்பாலும் பதின்மூன்று முட்கள். ஒவ்வொன்றின் இருபுறமும் பள்ளம், அந்தப் பள்ளத்தில் நஞ்சுப் பை. முள்ளை மூடித் தடித்த தோல் இருக்கும். மேலிருந்து ஒரு பாரம் அழுத்தும்போது தோல் பின்வாங்கும், பை நசுங்கும், நஞ்சு பள்ளத்தின் வழியே காயத்துக்குள் பாயும். இதில் மீன் செய்வது முள்ளை நிமிர்த்துவது மட்டும்தான். குத்துவதற்கான பலத்தை நம்முடைய பாதமே கொடுக்கிறது. பாம்பு கடிக்கிறது, தேள் கொட்டுகிறது. இந்த மீனோ மிதிபடுகிறது.

அதன் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஒருவகை மரியாதையே தோன்றியது. கடலின் அடித்தளத்தில், பவளப் பாறைகளின் இடுக்கிலோ உடைந்த பவளக் குவியலிலோ, நெஞ்சுச் செட்டைகளால் மணலைப் பறித்து உடலைப் பாதி புதைத்துக்கொண்டு கிடக்கும். மருக்கள் நிறைந்த தோலில் ஒட்டும் தன்மையுள்ள நீர் சுரக்கும். அதில் பாசியும் சேறும் படிந்து, நாளடைவில் அது இருக்கும் இடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். சிறு மீனோ இறாலோ எதிரே வரும்வரை மணிக்கணக்கில் அசையாது. வந்ததும் வாயைத் திறந்து உறிஞ்சி மூடுவதற்கு அது எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்களவு. பக்கத்தில் நிற்கும் மற்ற மீனுக்கு, தன் கூட்டாளி எங்கே போனான் என்று தெரிய வாய்ப்பில்லை. கடல் வற்றி வெளியே கிடக்க நேர்ந்தாலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். ஆகவே நீர் வற்றிய பாறைக்குட்டையில் நடப்பவரும் கவனமாக இருக்கவேண்டும்.

இத்தனை கொடிய முள்ளை அது இரை பிடிக்கப் பயன்படுத்துவதே இல்லை. தன்னைத் தின்ன வருவோருக்காக வைத்திருக்கும் காவல் அது. நாம் அதைத் தின்ன வந்தவர்களல்லர், பராக்குப் பார்க்க வந்தவர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நஞ்சின் முதன்மையான கூறு புரதம். புரதத்துக்குச் சூடு ஆகாது. முட்டை வெள்ளைக்கரு சட்டியில் இறுகுவதை நினைத்துக்கொண்டால் போதும். ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வரையான வெந்நீர் இந்த வலியைத் தணிப்பதற்கு, நஞ்சு சிதைவது ஒரு காரணமாகவும், வலியைக் கடத்தும் நரம்புகளில் சூடு ஏற்படுத்தும் மாற்றம் இன்னொரு காரணமாகவும் சொல்லப்படுகின்றன. எதுவானாலும் வலி இறங்குகிறது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீனுக்கு 1939இல் விஞ்ஞானப் பெயர் சூட்டிப் புகழ்பெற்ற தென்னாபிரிக்க மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித்தையே மொசாம்பிக் கரையில் கல் மீன் ஒன்று பெருவிரலில் குத்தியது. அவருக்கும் நிவாரணம் தந்தது வெந்நீர்தான். அந்த அனுபவத்தை அவர் 1951இல் ஓர் ஆய்வேட்டில் கட்டுரையாகவே எழுதினார். உலகமறிந்த நிபுணரே குத்து வாங்கியிருக்கிறார் என்று படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல் மீன் நஞ்சுக்கு முறிமருந்து 1959இல் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது.

1985இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஓர் ஆய்வு, தேள்மீன் முள் குத்திய 51 பேரின் அனுபவத்தைத் தொகுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குத்தியது நெருப்பு மீன். குத்தியது கடலிலும் அன்று, வீட்டு மீன் தொட்டியில். தொட்டியைச் சுத்தம் செய்யக் கை விட்டவர்கள் அவர்கள். வெந்நீர் அவர்களுள்ளும் பெரும்பான்மையோருக்கு வலி தீர்த்தது. ஆகவே கடல் இல்லாத கண்டியில் இதெல்லாம் எதற்கு என்று நாம் இருந்துவிட முடியாது. அந்தச் சிறுமியின் விரலுக்கும் முள்ளுக்கும் இடையில் இருந்தது ஒரு கண்ணாடிதான்.

அந்த நெருப்பு மீனுக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. இந்து சமுத்திரத்து நெருப்பு மீனுக்கு விஞ்ஞான உலகம் வழங்கும் பெயர் டெரோயிஸ் மைல்ஸ். மைல்ஸ் என்றால் இலத்தீனில் போர்வீரன். அந்தப் பெயரைக் கொடுத்தவர், இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்த ஜோன் விற்சேர்ச் பெனற். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, முழுத் தீவும் ஆங்கிலேயர் கைக்கு வந்த அடுத்த சில ஆண்டுகளில் இங்கு பணியாற்றியவர் அவர். இலங்கைக் கரைகளில் பிடிபட்ட மீன்களை வண்ணப் படங்களாக வரையச்செய்து 1828 முதல் 1830 வரை இலண்டனில் நூலாக வெளியிட்டார். முப்பது படங்கள். அவற்றில் ஒன்று இந்த மீன். பின்னர் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற், இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் எழுதிய நூலில், சிங்களவர் இதைப் பெரிய செந்நெருப்பு என்ற பொருளில் அழைப்பதாகவும், சில கரைகளில் இதை உண்பதாகவும் வேறு சில கரைகளில் ஒதுக்குவதாகவும் குறித்திருக்கிறார். பல் வைத்தியரின் உதவியாளர் வாயிலிருந்து வந்த 'கினி' அந்த நெருப்புத்தான். ஒரு துரை நூலில் ஏற்றிய பெயரின் சொந்தக்காரர்கள் இன்னும் அதை வழங்கிவருகிறார்கள் என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

இந்த மீன் இன்று நம் கடலோடு நிற்கவில்லை. அது எனக்குத் தெரியவந்த விதமும் சுவையானது. அன்று முள் குத்து வாங்கிய தம்பி மகன் இப்போது சைப்பிரஸில் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு அங்கிருந்து ஒரு படம் அனுப்பினான். லிமசோல் கரையோர உணவகம் ஒன்றின் தட்டில், முள் நறுக்கிப் பொரித்த நெருப்பு மீன். கீழே, "பெரியப்பா, கணக்குத் தீர்த்தாச்சு" என்று எழுதியிருந்தான்.

1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் மீன்கள் மத்தியதரைக் கடலுக்குள் புகுந்துவருவது நீண்டகாலக் கதை. நெருப்பு மீன் 1991இல் இஸ்ரேல் கரையில் ஒருமுறை பிடிபட்டது. பிறகு 2012 முதல் பெருகி, கிழக்கு மத்தியதரைக் கடலெங்கும் பரவிவிட்டது. பெனற் பெயரிட்ட அதே போர்வீரன்தான். அத்திலாந்திக்கில் நடந்தது இன்னும் பெரிய அனர்த்தம். 1985இல் புளோரிடாவில் முதலில் காணப்பட்ட நெருப்பு மீன், தொட்டிகளில் வளர்த்தவர்கள் கடலில் விட்டவற்றின் சந்ததி என்றே கருதப்படுகிறது. பெரும்பாலும் பசுபிக் பக்கத்து உறவினம், கூடவே நம்முடையதும் கொஞ்சம். கரிபியன் தீவுகளெங்கும் பரவி இன்று பிரேசில் வரை போய்விட்டது. ஒரு பெண் மீன் சில நாட்களுக்கு ஒருமுறை முட்டையிட்டு, ஆண்டொன்றில் இருபது இலட்சம் வரை இடக்கூடும். முட்டைகள் கூழ் போன்ற பந்துகளாக மிதந்து நீரோட்டத்தில் போகும். அங்குள்ள சிறு மீன்களுக்கு இப்படியொரு வேட்டைக்காரனைப் பழக்கமில்லை. விரித்த செட்டைகளால் மூலைக்குள் ஒதுக்கி விழுங்கும்வரை அவை விலகுவதே இல்லை என்கிறார்கள். ஆகவே அங்கெல்லாம் பிடித்துத் தின்னுங்கள் என்று அரசாங்கங்களே ஊக்குவிக்கின்றன. நஞ்சு முள்ளில் மட்டுமே உண்டு, சதையில் இல்லை. முள்ளில் இருப்பதும் அடுப்புச் சூட்டில் அழியும்.

இதை வாசிப்பவர்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருப்பதை அறிவேன். விடுமுறைக்குக் கரிபியன் தீவுகளுக்கோ சைப்பிரஸுக்கோ குவீன்ஸ்லாந்துக்கோ போவீர்கள். ஊருக்கு வந்தால் நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் போவீர்கள். அந்த வாரப் பத்திரிகை புலம்பெயர் நாடுகளுக்கும் சென்றது. என் தம்பியைப் போல இன்னும் எவரெவர் அதை வெட்டி வைத்திருக்கிறார்களோ தெரியாது. திருத்தம் வெளியிட அந்தப் பத்திரிகையும் இல்லை, அதன் ஆசிரியரும் இல்லை. ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிந்திய இந்தத் திருத்தத்தை இங்கே தருகிறேன்.

1998இல் நான் எழுதியது பிழை. மீன் முள் குத்தினால் இறுகக் கட்டக்கூடாது. பனிக்கட்டி வைக்கக்கூடாது. கீறவோ உறிஞ்சவோ கூடாது. வெளியே தெரியும் முள்ளை மெதுவாக எடுத்துவிட்டு, குத்திய கையையோ காலையோ பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை வைக்கவேண்டும். சூட்டைக் குத்துப்படாத ஒருவர் தன் கையை விட்டுப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் முள் கொடுத்த காயத்தோடு வெந்த காயமும் சேரும். வலி தணிந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும், முள் உள்ளே தங்கிச் சீழ்பிடிப்பது சாதாரணம். மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் வாளியைத் தேடாமல் நேரே வைத்தியசாலைக்கே ஓடவேண்டும். மரணங்களும், அரிதாகவேனும், நேர்ந்திருக்கின்றன. கடற்பாம்பு கடித்தால் இந்தச் சுடுநீர் வைத்தியம் பொருந்தாது, அதை இதோடு சேர்த்துக் குழப்பியது என் இரண்டாவது பிழை. பாறைப் பக்கம் தண்ணீரில் நடக்கும்போது தடித்த அடியுள்ள சப்பாத்து அணிவது நல்லது. மெல்லிய இரப்பர்ச் செருப்பைக் கல் மீனின் முள் துளைத்துவிடும்.

நிலாவெளி முதியவரை அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பார்த்தோம். தம்பி அவருக்கொரு வேட்டியும் கண்டியிலிருந்து ஒரு பொதி தேயிலையும் கொண்டுபோனான். இந்த வைத்தியத்தை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். "ஓரா முள்ளு குத்தினாலும் இதுதானே தம்பி செய்யிறது. சின்னனில அம்மா செஞ்சவ" என்றார். பத்திரிகையில் வந்ததை அவர் வாசித்திருக்க நியாயமில்லை. அவருக்கு எழுத்து வாசனை இல்லை.

போன கிழமை தம்பி வீட்டுக்குக் கட்டுகஸ்தோட்டைக்குச் சென்றபோது அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். மஞ்சளாகிப் போன அந்தத் துண்டு, 'கடற்கரைக்குச் செல்கிறீர்களா?' என்ற தலைப்போடு, ஒரு சீமெந்து விளம்பரத்துக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. இதைக் கிழித்தெறிந்துவிடு என்றேன். மறுத்துவிட்டான். "நீங்க எழுதினது அண்ணா, எப்படிக் கிழிக்கிறது" என்று சொல்லி, மேசை லாச்சியிலிருந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்தான். குறுக்கே ஒரு கோடு கீறி, 'பிழை. சுடுதண்ணி' என்று எழுதி, கோப்பை மூடி அலுமாரிக்குள் வைத்தான்.